நீல நூல், சிவப்பு நூல்

சிலோயே தீவில் வசந்தம் என்றால்
மழை கொஞ்சம் மெலிதாகப் பெய்யும், அவ்வளவுதான்.
அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை
நீல ஓடுகளை உடைத்துக்கொண்டு
பதினொரு குஞ்சுகள் வெளியே வந்தன.
பன்னிரண்டாவது முட்டையைக் காதருகே குலுக்கிப் பார்த்து
வேலிக்கு அப்பால் வீசினேன்.

ஓட்டின் நிறத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம்,
தாயைத் தெரிந்தால் போதும்.
உள்ளிருந்து வந்தது சேவலா பெட்டையா என்பதற்குத்தான்
ஆளுக்கொரு சாஸ்திரம்.

ரோசாமெல் சொன்னான்:
காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கு,
தலையை நிமிர்த்தினால் பெட்டை, தொங்கவிட்டால் சேவல்.
அவன் அண்ணன் நேர் எதிராகச் சொன்னான்.
ஒரே குஞ்சை இருவரும் மாறி மாறித் தூக்கினார்கள்.
குஞ்சு இருவருக்கும் ஒத்துப்போனது.

பக்கத்து வீட்டு எதுவினா
கல்யாண மோதிரத்தை நூலில் கட்டிக் கொண்டுவந்தாள்.
வட்டம் போட்டால் பெட்டையாம்.
பதினொன்றுக்கும் வட்டம் போட்டது மோதிரம்.
அவளுக்கு முட்டை பிடிக்கும்.

நான் சால்மன் ஆலையில் தரம் பிரிப்பவள்.
ஒன்பது வருடம்.
பெல்ட்டில் மீன் என்னைத் தாண்டும் முன்
முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு
என்று கை சொல்லிவிடும்; வாய் பிறகுதான் சொல்லும்.
ஆகவே இரண்டாம் நாளே
அடுப்படி விளக்கில் சிறகுகளை விரித்துப் பார்த்தேன்.
நுனிகள் நெட்டையும் குட்டையுமாக இருந்தால் பெட்டை,
ஒரே அளவில் வெட்டியது போலிருந்தால் சேவல்.
ஏழுக்கு நீலக் கம்பளி நூல் கட்டினேன்,
நாலுக்குச் சிவப்பு.

அது எல்லா இனத்துக்கும் பொருந்தாது என்றான்
காஸ்ட்ரோவிலிருந்து மாட்டுக்கு ஊசி போட வந்த பையன்.
அவன் பேச்சை மழை அடித்துக்கொண்டு போனது.

நீல நூலில் நாலை எலெயுத்தேரியோ சிகுவாய்க்குக் கொடுத்தேன்.
மார்ச் மாதம் இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு,
பேச்சு பேச்சுதான்.

ஆறு வாரத்தில்
நீல நூல் ஒன்றுக்குக் கொண்டை
தக்காளித் துண்டு மாதிரி சிவந்தது.
வெளிச்சம் சரியில்லை என்றேன்.
எட்டு வாரத்தில் தாடியும் தொங்கியது.
நல்ல தீனி என்றேன்.

பிப்ரவரியில் ஒரு விடியற்காலை
துருப்பிடித்த கீல் ஒன்று கொல்லையில் திறந்தது.
மறுபடி திறந்தது.
ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்,
விறகுக் குவியலின் மேல், நீல நூல்.
சரிவுக்குக் கீழே எலெயுத்தேரியோவின் வீட்டிலிருந்து
மூன்று கீல்கள் பதில் சொல்லின.
ரோசாமெல் போர்வைக்குள் சிரித்தது
கட்டில் காலுக்குத் தெரிந்தது.

மார்ச்சில் கிழவர் வந்தார்.
ஒரு மூட்டைதான்.
மற்றதைச் சேவல்கள் தின்றுவிட்டன, என்றார்,
முகத்தில் ஒரு மடிப்பும் மாறாமல்.

அப்போதும் சிவப்பு நூலை நம்பினேன்.
ஒரு பக்கம் தப்பினால்
மறுபக்கமாவது சரியாக இருக்க வேண்டாமா.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, கசுவேலா சூப்புக்கு
சிவப்பு நூலில் கொழுத்ததைப் பிடித்தேன்.
அது கூவியதே இல்லை. மந்தமான சேவல் என்று நினைத்திருந்தேன்.
கழுத்தைத் திருகி, வெந்நீரில் முக்கி, பறித்து,
வயிற்றைக் கீறிக் கையை விட்டேன்.

கொத்தாக மஞ்சள் கருக்கள்.
மிளகளவில், பட்டாணியளவில், பெரிய கோலிக்குண்டு அளவில்
வரிசையில் நின்றன.
எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று
ஓடு போர்த்தி, இன்னும் மிருதுவாக,
நீலம் ஏறத் தொடங்கியிருந்தது.

கையிலேயே வைத்திருந்தேன்.
சூடு இருந்தது.

கருக்களையும் சூப்பில் போட்டேன், வேறென்ன செய்வது.
ரோசாமெல் இரண்டு முறை வாங்கிக் குடித்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.
கழுவிய பாத்திரத்தின் அடியில் ஒரு கால் கிடந்தது,
நூலோடு.
கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்
மிச்சமிருந்த எல்லாக் கால்களிலும் முடிச்சை அறுத்தேன்.

திங்கட்கிழமை பெல்ட்டில்
ஒரு மீனை மற்றவற்றைவிடக் கூடுதலாக
இரண்டு மூச்சு பிடித்து நின்றேன்.
மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார்.
இரண்டாம் தரம், என்றேன்.